சாமான் அறைக்கு எந்தக் கதவு?

நாட்டிலே பேசவும் எழுதவும் எத்தனையோ பெரிய செய்திகள் இருக்க, அடுக்களையை ஒட்டிய சாமான் அறைக்கு எந்தக் கதவு போடுவது என்று ஏட்டின் பக்கங்களை நிரப்ப வந்துவிட்டீரே எனத் தோழர்கள் நகைக்கக்கூடும். நகைக்கட்டும்! கோட்டைக் கதவுக்குக் காவியம் உண்டு. கோயிற் கதவுக்குப் புராணம் உண்டு. வேதாரணியத்திலே மூடிக் கிடந்த கதவை ஓர் அடியார் பாடித் திறந்தாராம். மற்றோர் அடியார் பாடி அடைத்தாராம். அதைக் கேட்டு உருகுவோர் இன்றும் உளர். அடுக்களைக் கதவுக்கு மட்டும் ஒரு வரியும் கிடையாது. காரணம் தெரிந்ததுதானே! அதைத் திறப்போரும் அடைப்போரும் பாடுவோர் அல்லர், பாடுபடுவோர்.

பட்டுக்கோட்டைக்கும் பேராவூரணிக்கும் இடையில் ஒரு சிற்றூரில் இருக்கிறது நமது வீடு. 2018 நவம்பர் 16 அன்று விடியுமுன் வந்த கஜா புயல், ஊரின் தென்னைகளைச் சாய்த்ததோடு நம் வீட்டு ஓட்டையும் பெயர்த்துக்கொண்டு போயிற்று. ஒட்டுப்போட்டும் ஒழுக்குக்குப் பாத்திரம் வைத்தும் சில ஆண்டுகள் தள்ளிய பிறகு, அண்ணன் ஈட்டியதும் நாம் ஆசிரியப் பணியில் சேர்ந்து பெற்ற கடனுமாகச் சேர்த்துச் சென்ற ஆண்டு செங்கல்லும் சிமெண்டுமாகக் கட்டி எழுப்பினோம். வாயிற் கதவைப் பற்றி இரண்டு மாதம் விவாதம் நடந்தது. தேக்கா, பர்மாத் தேக்கா? பூ வேலைப்பாடா, யானை வேலைப்பாடா? இறுதியில் இருபுறமும் யானைகள் நீர் சொரியும் கஜலட்சுமியைச் செதுக்கி மாட்டினார்கள். கஜா வந்து பெயர்த்த வீட்டுக்குக் கஜலட்சுமி காவல்! நாம் சிரித்தோம், அப்பா முறைத்தார்.

சாமான் அறைக் கதவு என்று வந்தபோது, "கடைசியில் மிஞ்சுகிற காசுக்கு எதையாவது போட்டுக்கொள்ளலாம்" என்று தீர்ப்பாயிற்று. வாயிற் கதவை ஊர் பார்க்கும். சாமான் அறைக் கதவை அண்ணி ஒருத்திதானே பார்ப்பாள்! ஏழு பேர் கொண்ட குடும்பம். அரிசி, பருப்பு, புளி, மிளகாய், எண்ணெய், வெங்காயம், கருவாடு என அத்தனையும் அந்த அறையில். பார்க்கும் ஊருக்கு இரண்டு மாத விவாதம். நாளெல்லாம் திறந்து மூடும் கைக்கு மிஞ்சிய காசு. இந்தக் கணக்கு நமக்கு ஒப்பவில்லை. "அண்ணி, இந்தக் கதவை நீங்கள் சொல்லுங்கள்" என்றோம். அண்ணி முதலில் நம்பவில்லை. "என்னைக் கேட்டா தம்பி?" என்று இரண்டு முறை கேட்டார்.

அவர் சொல்லத் தொடங்குமுன் சொல்ல வந்துவிட்டார் வாஸ்து வல்லுநர். உறவுக்காரர் ஒருவர் அழைத்துவந்த பெரியவர். வீட்டைச் சுற்றிவந்து கதவுகளை எண்ணினார். எட்டு. முகம் மலர்ந்தது. சாமான் அறைக்கும் ஒன்று போடப்போகிறோம் என்றதும் முகம் கறுத்தது. "ஒன்பது ஒற்றைப்படை. வீட்டுக்கு ஆகாது."

அண்ணி கதவோரம் நின்றபடியே கேட்டார்: "இரட்டைக் கதவாகப் போட்டால் பத்து என்று எண்ணலாமா?"

பெரியவர் சற்றுச் சிந்தித்தார். "பத்து இரட்டைப்படைதான், ஆனால் சுழியத்தில் முடிகிறது. சுழியமும் ஆகாது" என்றார்.

ஒன்பது ஆகாது, பத்து ஆகாது, பதினொன்று மீண்டும் ஒற்றை, பன்னிரண்டுக்குப் போகவேண்டுமானால் ஐந்தடிக்கு நான்கடி அறைக்கு நான்கு கதவுகள் வேண்டும்! சுவர் எங்கே வைப்பது என்று கொத்தனார் கேட்டார். அதற்கு மேல் நாம் எதுவும் பேசத் தேவையிருக்கவில்லை. நிலை நிறுத்தும்போது நவதானிய முடிச்சுக் கட்டவேண்டும், அடியில் காசு போடவேண்டும், நல்ல நேரம் பார்க்கவேண்டும் என்று மேலும் சில கட்டளைகள் பிறப்பித்துவிட்டுத் தட்சிணையோடு புறப்பட்டார் அவர். நிலைக்கு அடியில் வேண்டியது நவதானியமல்ல; கரையான் ஏறாமல் தடுக்கும் மருந்தும், ஈரம் ஏறாத சிமெண்டுப் பூச்சும். அவற்றைத் தச்சர் செய்தார். நேரமும் அவரே குறித்தார்: "காலையில் பால் குடித்துவிட்டு வருகிறேன், மழை இல்லையென்றால்."

கதவைத் தேர்ந்தெடுப்பது என்றால் கடைக்குச் சென்று அழகானதைச் சுட்டிக்காட்டுவதென்று எண்ணுவோர் பலர். முதலில் தரையைப் பார்க்கவேண்டும். வகுப்பறையிலிருந்து சுண்ணக்கட்டி ஒன்றும், முப்பது அங்குலக் கயிறும் எடுத்துக்கொண்டு அடுக்களைத் தரையில் உட்கார்ந்தோம். வாசலின் அகலம் முப்பது அங்குலம். எதிரே அடுப்பு மேடை. மேடைக்கும் வாசலுக்கும் இடையே நாற்பத்திரண்டு அங்குலம். கயிற்றின் ஒரு முனையை நிலையடியில் அழுத்தி, மறுமுனையால் கால்வட்டம் வரைந்தோம். ஒற்றைக் கதவு அடுக்களைப் பக்கம் திறந்தால் மேடைக்கும் கதவுக்கும் நடுவே மிஞ்சுவது பன்னிரண்டே அங்குலம். கொதிக்கும் குழம்போடு ஒருவர் நிற்க, மற்றொருவர் கதவைத் திறந்தால்? சொல்லவேண்டியதில்லை. சரி, உட்புறம் திறக்கட்டும் என்றால், கதவு சுழலும் இடம் ஏறத்தாழ ஐந்து சதுர அடி. அறையே இருபது சதுர அடி! கால்பங்கு அறையைக் கதவுக்குத் தானம் கொடுத்துவிட்டு, அரிசி மூட்டையை எங்கே வைப்பது?

இரட்டைக் கதவு என்றால் ஒவ்வொன்றும் பதினைந்து அங்குலம். வெளிப்புறம் திறந்தாலும் இருபத்தேழு அங்குலம் மிஞ்சும். சுழலும் பரப்பு சரிபாதியாகக் குறைந்துவிடும். இடிக்கப்பட்ட நமது பழைய ஓட்டு வீட்டில் எல்லாக் கதவும் இரட்டைக் கதவுதான். பழையது என்பதற்காக ஒன்றைத் தள்ளுவதும் அறிவாகாது, பழையது என்பதற்காகக் கொள்ளுவதும் அறிவாகாது. அளந்து பார்த்தால் தெரிந்துவிடுகிறது. வாஸ்துக்காரரை மடக்க அண்ணி சொன்ன இரட்டைக் கதவு, கயிற்றுக்கும் சரியாக வந்தது!

இழுப்புக் கதவு என்று ஒன்று உண்டே, அது இடமே கேட்காதே என்றார் அண்ணன். கேட்காது என்பது பாதி உண்மை. தரையைக் கேட்காது, சுவரைக் கேட்கும். திறந்த கதவு ஒதுங்கி நிற்க வாசலுக்குப் பக்கத்தில் இன்னொரு முப்பது அங்குலச் சுவர் வெறுமையாக இருக்கவேண்டும். நம் வீட்டில் அங்கேதான் தண்ணீர்க் குழாய். சுவருக்குள்ளேயே நுழைந்து மறையும்படி அமைக்கலாம்; நாலரை அங்குலச் செங்கற் சுவரில் அதற்கு வழியில்லை. கீழே தடம் பதித்தால் சிந்திய மாவும் சர்க்கரையும் அதில் தங்கும், எறும்புக்கு அன்னசத்திரம்! மேலே தொங்கவிட்டால் பக்கவாட்டில் இடைவெளி விழும்.

இழுப்புக் கதவு என்றதும், வரலாறு படித்த நமக்கு ஓர் அம்மையாரின் நினைவு வந்தது. 1926-இல் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக ஓர் அடுக்களையை வரைந்தவர் மார்கரெட் சூட்டே லிஹோட்ஸ்கி என்ற கட்டடக்கலைஞர். சமைப்பவர் எத்தனை அடி நடக்கிறார், எதற்காகக் குனிகிறார், எதை எட்டுகிறார் என்று அளந்து, ஏறத்தாழ 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் கொண்ட சிற்றறைக்குள் எல்லாவற்றையும் அடக்கினார். அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடுவே இழுப்புக் கதவு வைத்தார். அடுப்படியில் நின்றபடியே குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம். அரிசிக்கும் சர்க்கரைக்கும் மூக்கு வைத்த அலுமினியப் பெட்டிகள். மாவுக்கு மட்டும் ஓக் மரப் பெட்டி, மாவுப் புழு அந்த மரத்தை அண்டாது என்பதனால். பத்தாயிரம் வீடுகளில் அந்த அடுக்களை அமைந்தது. பின்னாளில் நாஜிகளை எதிர்த்தமைக்காகச் சிறைப்பட்டு, விடுதலையாகி, நூற்றுமூன்று அகவையை நெருங்கும்வரை வாழ்ந்து, 2000-இல் மறைந்தார். அந்த அடுக்களையில் ஒரு குறை சொல்லுவார்கள்: ஒருவர் மட்டுமே நிற்கலாம், உதவிக்கு இரண்டாவது ஆள் நுழைய இடமில்லை. பெண்ணின் நடையைக் குறைத்தது, வேலையைப் பங்கிடவில்லை. குறை உண்மைதான் என்றே நமக்கும் படுகிறது. ஆனாலும், சமைப்பவரின் காலடியை எண்ணிப் பார்த்த பிறகே சுவர் எழுப்பிய அந்த முறைக்கு நாம் தலைவணங்குகிறோம். எங்கள் ஊரில் அதை இன்னும் யாரும் எண்ணவில்லை.

கடைத்தெருவில் கண்ட மற்றவற்றையும் சொல்லிவிடுவோம். விசிறிபோல் மடியும் பிளாஸ்டிக் கதவு விலையில் மலிவு. மடிப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறும், எலி ஒரே இரவில் கடித்துவிடும். முழுப் பிளாஸ்டிக் கதவு ஈரத்துக்கு அஞ்சாது. அடுப்பின் வெம்மைக்கு அஞ்சும். ஒட்டுப்பலகைக் கதவு, 2202 என்ற இந்தியத் தர எண் பொறித்ததாக வாங்கினால் உறுதியானதுதான். ஆயின் காற்றுப் புகாது, அடிவிளிம்பில் வண்ணம் பூசாமல் விட்டால் கழுவித்தள்ளும் நீரைக் குடித்து ஊதும். கண்ணாடிக் கதவு விருந்தாளிக்கு. சாய்வுச் சட்டங்கள் அடுக்கிய கதவை அப்பா மிக விரும்பினார். காற்றும் வரும், அழகும் உண்டு என்றார். அண்ணி சட்டங்களை எண்ணினார். ஒரு கதவில் இருபத்துநான்கு, இரண்டு கதவில் நாற்பத்தெட்டு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு முகம். "மாமா, தாளிக்கிற புகை படிந்தால் தொண்ணூற்றாறு முகத்தை யார் துடைப்பது?" அப்பா அடுத்த கடைக்கு நடந்தார்.

அண்ணி விரும்பியது வலைக் கதவு. மேற்பாதி துருப்பிடிக்காத எஃகு வலை. கீழ்ப்பாதி கெட்டிப் பலகை. பழைய வீடுகளில் வலையடித்த அலமாரியைக் கண்டிருப்பீர்கள். அதையே கதவளவுக்கு வளர்த்தால் என்ன என்று கேட்டார். கேட்டதில் அறிவியல் இருந்தது. இத்தாலி நாட்டு மருத்துவர் பிரான்செஸ்கோ ரெடி 1668-இல் வெளியிட்ட நூலில் ஒரு சோதனையைச் சொல்லுகிறார். அழுகும் இறைச்சியிலிருந்து புழு தானே பிறக்கிறது என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலம். ரெடி சில குடுவைகளைத் திறந்து வைத்தார். சிலவற்றின் வாயை மெல்லிய வலைத்துணியால் மூடினார். திறந்த குடுவையில் புழு நெளிந்தது. வலையிட்ட குடுவைக்குள் காற்று போயிற்று, நாற்றம் வந்தது, புழு மட்டும் வரவில்லை. ஈக்கள் துணியின்மேல் உட்கார்ந்து முட்டையிட்டன! புழு ஈயின் பிள்ளை என்பதை ஒரு முழத் துணி நிலைநாட்டிற்று. நம் சாமான் அறைக் கதவின் மேற்பாதி செய்யவேண்டியதும் அந்தத் துணியின் வேலையே.

காற்று ஏன் வேண்டும் என்கிறீர்களா? வெங்காயத்துக்கு வேண்டும், இல்லையேல் ஐப்பசியில் அழுகும். கீழே கெட்டிப் பலகை ஏன்? உருளைக்கிழங்குக்கு இருட்டு வேண்டும். வெளிச்சம் பட்டால் பச்சை பூத்து நஞ்சு சேரும். அது கீழ்த்தட்டில், பலகையின் நிழலில். அத்துடன், கீழ்ப்பகுதியே எலியின் போர்க்களம். எலிக்குப் பல் வளர்ந்துகொண்டே இருக்கும். தேய்ப்பதற்கு மரம் தேடும். சுண்டெலிக்கு ஆறு மில்லிமீட்டர் இடைவெளி போதும், நுழைந்துவிடும். ஆகவே தரைக்கும் கதவுக்கும் நடுவே ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது. கீழ் ஒன்பது அங்குலத்துக்குத் தகடு அடிக்கவேண்டும் என்று தச்சரிடம் சொன்னோம். வாசற்படி உயர்த்தி வைத்தால் எளிதாயிற்றே என்றார் அவர். எண்பதை எட்டிய அப்பாயி தடுக்கி விழுவாரே என்றோம். ஒத்துக்கொண்டார்.

கதவு செய்யமாட்டாத வேலையும் உண்டு. அரிசியில் வண்டு வருவதைக் கதவு தடுக்காது. வண்டு அரிசிமணியைத் துளைத்து உள்ளே முட்டையிட்டிருக்கும்; மூட்டை வீட்டுக்குள் வரும்போதே குடும்பத்தோடு வந்துவிடுகிறது. வெயிலில் காயவைத்து, இறுக மூடும் பாத்திரத்தில் போடுவதே வழி. மாற்று எரிவாயு உருளையை அந்த அறையில் வைத்துக்கொள்ளலாம் என்பது அப்பாவின் யோசனை. கூடாது என்று உறுதியாக மறுத்தோம். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் தேங்கும். நம் கதவின் கீழ்ப்பாதியோ கெட்டிப் பலகை. வலை மேலே இருந்து பயனென்ன? இதில் அப்பாவுக்கு இன்றும் வருத்தம் உண்டு.

இத்தனையும் முடிந்து, தச்சர் ஒரு கேள்வி கேட்டார்: "பூட்டு எந்தப் பக்கம் வைக்கட்டும்?"

வீடு அமைதியாயிற்று.

பழைய வீட்டின் சாமான் அறைக்குப் பித்தளைப் பூட்டு உண்டு. அதன் சாவி அப்பாயியின் இடுப்பில். சாவி என்பதே போர்த்துக்கீசியர் கொடுத்துவிட்டுப் போன சொல் என்பார்கள். திறவுகோல் என்ற நம் சொல்லைப் பூட்டிவைத்துவிட்டு அதை எடுத்துக்கொண்டோம். சொல் எங்கிருந்து வந்தாலும், அந்த இரும்புத் துண்டுக்கு முன்னால் அம்மா முப்பது ஆண்டுகள் நின்றதை நாம் கண்டிருக்கிறோம். காலையில் அரிசி அளந்து வாங்கவேண்டும். பிற்பகல் யாராவது வந்துவிட்டால் காப்பிக்குச் சர்க்கரை கேட்டு அப்பாயி விழிக்கும்வரை காத்திருக்கவேண்டும். மாதத்தில் மூன்று நாள் அந்த வாசலை நெருங்கவே கூடாது. சமையலுக்கு மட்டும் தடையில்லை, ஏனெனில் வேறு ஆள் இல்லை! தீட்டு, அரிசிக்கு ஒட்டுமாம், சோற்றுக்கு ஒட்டாதாம். அம்மாவுக்குப் பிறகு அண்ணி. பட்டப்படிப்பு முடித்தவர், ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுபவர், நாலாழாக்குப் பருப்புக்குக் கை நீட்டி நிற்பார்.

"பூட்டு வேண்டாம்" என்றோம் நாம்.

அப்பாயி எதிர்த்துக் கூச்சலிடவில்லை. கட்டிலில் உட்கார்ந்தபடி நிதானமாகப் பேசினார். "நீ படிச்ச பிள்ளை, தம்பி. உனக்கு அரிசியோட அருமை தெரியாது. நான் வாழ்க்கைப்பட்டு வந்த புதுசுல ஒரு மரக்கா அரிசிக்கு மூணு ஊரு நடந்திருக்கேன். பூட்டினதாலதான் உங்க அப்பன் உசுரோட இருக்கான்."

அவர் சொன்னது பொய்யல்ல. 1965, 66-ஆம் ஆண்டுகளின் அரிசிப் பஞ்சம் அது. 1967 தேர்தல் மேடைகளில் அரிசியே பேச்சாக இருந்ததை ஏடுகளில் படித்திருக்கிறோம். ஒரு படி குறைந்தால் ஒரு வாய் பட்டினி என்ற நாளில், அளந்து போட ஒரு கையும் அடைத்துவைக்க ஒரு பூட்டும் வேண்டியிருந்திருக்கும். ஆனால் 2011 முதல் அரிசி அட்டைக்கு விலையில்லா அரிசி வருகிறது. பஞ்சம் போயிற்று, பூட்டு போகவில்லை. ஏன் போகவில்லை என்று நாம் எண்ணியெண்ணிப் பார்த்தோம்.

அப்பாயிக்குப் பிறந்த வீட்டில் மூன்று வேலி நிலம் இருந்தது. அண்ணன் தம்பிகளுக்குப் போயிற்று. பெண்ணுக்கும் சொத்தில் ஆணோடு சம உரிமை வேண்டும் என்று 1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது. அறுபது ஆண்டுகள் கழித்து, 1989-இல், தமிழ்நாட்டில் பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் மகனைப்போல் பிறப்புரிமை உண்டு என்று சட்டம் திருத்தப்பட்டது. அதிலும், அதற்கு முன்பே மணமானவர்களுக்கு இல்லை என்று ஒரு விலக்கு. 2005-இல் நடுவண் சட்டம் வந்து அந்த விலக்கை நீக்கியபோது, அப்பாயி வீட்டில் பாகம் பிரிந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. நிலம் இல்லை, வருவாய் இல்லை, கையெழுத்துக்கு மதிப்பில்லை. எண்பது ஆண்டு வாழ்வில் அவருக்கென்று கிடைத்த ஆட்சி ஐந்தடிக்கு நான்கடி! அந்த ஆட்சியின் செங்கோல்தான் இடுப்புச் சாவி. அதைப் பறிப்பது எளிது. பறித்துவிட்டுச் சீர்திருத்தம் செய்தோம் என்று மார்தட்டுவதும் எளிது. ஆனால் அம்மாவும் அண்ணியும் அந்த வாசலில் கை நீட்டி நிற்பது தொடர்வதோ, ஒரு நாளும் முடியாது.

அப்பா ஒரு சமாதானம் சொன்னார்: "சாவியை மருமகளிடம் கொடுத்துவிடுவோம். ஆளுக்கொரு காலம்."

மறுத்தவர் அண்ணி. "வேண்டாம் மாமா. இன்று நான் வாங்கிக்கொண்டால், நாளை எனக்கு வரும் மருமகள் என்னிடம் வந்து நிற்பாள். நான் நின்றது போதும்."

அம்மா அதுவரை வாய் திறக்கவில்லை. இப்போது அப்பாயியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அத்தை, அந்த அறையில் உங்கள் பொருள் என்னென்ன இருக்கிறது?" என்று கேட்டார். முப்பது ஆண்டுகளில் யாரும் கேட்காத கேள்வி. அப்பாயி யோசித்துச் சொன்னார்: ஒரு ஜோடித் தோடு, கொஞ்சம் பணம், தாத்தாவின் படம், தம் தாயார் கொடுத்த வெண்கலக் கும்பா. அரிசி அந்தப் பட்டியலில் இல்லை.

தச்சர் தனியே ஒரு பெட்டி செய்தார். பூட்டுள்ள பெட்டி, அப்பாயிக்கு மட்டும், கட்டிலுக்கு அருகில். பழைய பித்தளைப் பூட்டு அந்தப் பெட்டியைவிடப் பெரிதாக இருந்ததால் புதிதாகச் சிறியதொன்று வாங்கினோம். அப்பாயி முழு மனத்தோடு ஏற்றார் என்று எழுதினால் அது கதையாகிவிடும். ஒரு வாரம் நம்மோடு பேசவில்லை. கதவு மாட்டிய பிறகும் ஒவ்வோர் இரவும் எழுந்து போய், அது அடைத்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறார். பார்க்கட்டும், அதற்குத் தடையில்லை. அண்ணி எந்த நாளிலும் அந்த வாசலுக்குள் போகிறார். முதல் தடவை அப்பாயி நாட்காட்டியைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்த மாதம், "உள்ளே போறதுதான் போறே, பனங்கற்கண்டு எடுத்துட்டு வா" என்றார்.

மரம் எது என்று சொல்லவில்லையே. வேம்பு. கஜாவில் கொல்லைப்புறத்து வேப்பமரம் வேரோடு சாய்ந்தது. அறுத்த பலகைகளை அண்ணன் கொட்டகையில் இடையிடையே குச்சி வைத்து அடுக்கியிருந்தார்; ஆறேழு ஆண்டுகளாக நிழலில் உலர்ந்த மரம். தேக்கின் விலையில்லை, பூச்சி எளிதில் அண்டாது. மாரியம்மனுக்குரிய மரமாயிற்றே, அதில் கருவாட்டு அறைக்குக் கதவா என்று ஒரு கிழவர் கவலைப்பட்டார். கருவாடு மாரியம்மனுக்கு எப்போது ஆகாமற்போயிற்று என்று தச்சர் கேட்டதும் போய்விட்டார்.

தச்சரின் வேலையை அருகிலிருந்து பார்த்தோம். மரம் மழைக்காலத்தில் ஈரம் வாங்கி அகலவாட்டில் பருக்கும். நீளவாட்டில் அசையாது என்றே சொல்லலாம். ஆகவே கீழ்ப்பலகையைச் சட்டத்தோடு ஆணியடித்து இறுக்கக்கூடாது. சட்டத்தின் உட்புறம் காடி எடுத்து, பலகை அதற்குள் தளர்வாக நிற்கும்படி செருகினார். பருத்தால் காடிக்குள் பருக்கும், சுருங்கினால் காடிக்குள் சுருங்கும். கதவின் அளவு மாறாது. எந்தப் பொறியியற் கல்லூரியிலும் அவர் படித்ததில்லை. "மரத்துக்கும் மூச்சுவிட இடம் விடணும், வாத்தியாரே" என்றார். தாழ்ப்பாள் வெளியில் வைக்கவில்லை. மூன்று வயதுக் குழந்தை உள்ளே போய் மாட்டிக்கொள்ளக்கூடாதல்லவா? தள்ளினால் பற்றிக்கொள்ளும், இழுத்தால் விட்டுவிடும் காந்தப் பிடி ஒன்று. உள்ளிருந்து தள்ளினாலும் திறக்கும். எலி மருந்தும் பினாயிலும் வேறிடத்தில், உயரத்தில்.

கார்த்திகை மழையில் இடக்கதவு சற்றே பருத்து வலக்கதவோடு உரசியது. சட்டமும் மரம்தானே! தச்சர் வந்து இழைப்புளியால் ஒரு நூல் அளவு சீவிவிட்டு, கூலி வாங்காமல் தேநீர் மட்டும் குடித்துவிட்டுப் போனார். சீவிய விளிம்புக்கு அண்ணியே எண்ணெய் பூசினார்.

சென்ற வாரம் எதிர் வீட்டுப் பெண் அளவு நாடாவோடு வந்து, வாசலின் அகலத்தையும் வலையின் உயரத்தையும் அளந்து குறித்துக்கொண்டு போனாள். அவளுடைய மாமியார் கூடவே வந்திருந்தார். கதவைத் திறந்து பார்த்தார், மூடிப் பார்த்தார், தகட்டைத் தட்டிப் பார்த்தார். பிறகு அப்பாயியின் கட்டிலருகே போய் உட்கார்ந்துகொண்டார். இருவரும் நெடுநேரம் மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று நமக்குச் சொல்லவில்லை.